முழு வசனம்

நீதிமன்ற வாசலில் தேநீர்க்கடை வைத்திருந்தவர் காலையில் அந்த வழக்கறிஞரைக் கண்டதும், "ஐயா, பிளேன்டி போடவா?" என்று கேட்பார். "போடுங்க. சீனியைக் குறைச்சுப் போடுங்க" என்பார் அவர். ஆம் என்பதற்கு எங்கள் ஊரில் ஓம் என்போம். வேறு யாராக இருந்தாலும் "ஓம்" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார்கள். அந்தச் சட்டத்தரணியின் வாயில் அந்தச் சொல் வராது. தொலைபேசியில் ஒருவர் நீளமாகப் பேசினால் நாமெல்லாம் இடையிடையே "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்போம். அவர் இடையிடையே "நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்பார். மறுபக்கத்தில் இருப்பவர் தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்துப் பேச்சை நிறுத்திவிடுவார்.

அவருடைய மனைவி ஒருநாள் என்னிடம் முறையிட்டார். "முப்பத்திரெண்டு வருசம், முதலியார். இந்த மனிசனிட்ட ஒரு ஓம் வாங்க என்னால ஏலாமப் போச்சு. கலியாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அண்டைக்கு, பிடிச்சிருக்கா எண்டு எங்கட மாமா கேட்டவர். இவர் மூண்டு வசனத்தில பதில் சொன்னார்."

முதலியார் என்றது என்னை. மட்டக்களப்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். அந்த வேலையில் இருப்பவரை எங்கள் நாட்டுக் கோடுகளில், அதாவது நீதிமன்றங்களில், முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். சாதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சாட்சிக்குச் சத்தியம் செய்துவைப்பது, குற்றச்சாட்டை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, வாசித்துக் காட்டுவது, கட்டளையைக் கேட்கும்படி சொல்வது, இவையெல்லாம் என் வேலை. எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். எங்கள் மண்டபத்தில் மின்விசிறி ஆறு, சுற்றுவது நாலு. உன்னிச்சைப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒருமுறை சாட்சி சொல்லி முடிப்பதற்குள் எத்தனை ஓம் போட்டார் என்று எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது. அதில் சம்மதம் என்ற பொருளில் வந்தது ஏழோ எட்டோதான். மற்றதெல்லாம், "சொல்லுங்க, காதில விழுகுது" என்ற ஓம். மரியாதைக்குப் போடுகிற ஓம். எங்கள் ஆட்கள் பெரியவர்கள் பேசும்போது சும்மா நிற்கமாட்டார்கள்.

இந்த இரண்டாவது ஓம் கோட்டில் பதிவாகும்போது முதலாவதாக மாறிவிடும். அந்தச் சட்டத்தரணி தன் வாழ்க்கை முழுவதும் அதோடுதான் மல்லுக்கட்டினார்.

அவர் தொழிலுக்கு வந்த புதிதில் மாங்கேணியிலிருந்து ஒரு மீனவன் வந்தான். தடைசெய்த வலையை வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. வலை அவனுடையதல்ல, பக்கத்துத் தோணிக்காரன் வைத்துவிட்டுப் போனது. அதற்குச் சாட்சியும் இருந்தது. வழக்கைக் கூப்பிட்டபோது இவர் அடுத்த மண்டபத்தில் வேறொரு வழக்கின் தவணைக்காக நின்றார். நான் குற்றச்சாட்டை வாசித்தேன். அவன் கைகட்டி, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு வசனத்துக்கும் "ஓம் ஐயா" என்றான். கடைசி வசனம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்பது. அதற்கும் "ஓம் ஐயா" என்றான். இவர் ஓடி வந்து சேர்ந்தபோது நீதவான் அடுத்த வழக்கை எடுத்துவிட்டார். சிறைச்சாலை வண்டியில் ஏறும்போது அந்த மீனவன் இவரைப் பார்த்து, "ஐயா, எப்ப விசாரிப்பாங்க?" என்று கேட்டானாம்.

அன்றையிலிருந்துதான் அந்தச் சொல்லை விட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அவரிடம் கேட்டேன். "அப்பிடி ஒரு நாள் பார்த்து விடயில்ல. வரவர வாயில கசந்து போச்சு" என்றார்.

அவர் பரம்பரையாகக் கறுப்புக் கோட்டுப் போட்டவர். கத்தோலிக்கர், நகரத்துக்காரர். பாட்டனார் பிறக்கிராசி, தகப்பனும் பிறக்கிராசி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. அப்போது வழக்கறிஞர்கள் இரண்டு வகை. பெரிய கோடுகளில் எழுந்து நின்று வாதாடுகிறவர் அப்புக்காத்து. ஊரில் இருந்து கட்சிக்காரரின் கதையைக் கேட்டு, பத்திரங்கள் எழுதி, அப்புக்காத்தருக்கு வழக்கைத் தயாரித்துக் கொடுக்கிறவர் பிறக்கிராசி. பிறகு ஒரு சட்டம் வந்து இரண்டையும் ஒன்றாக்கி, எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கியது. ஆனால் வயல்வெளி வட்டைக்காரர்களுக்குக் கறுப்புக் கோட்டுப் போட்ட எல்லோரும் இன்றைக்கும் அப்புக்காத்துத்தான்.

தகப்பனின் அலுவலக அறையில்தான் அவரும் இருந்தார். அங்கே ஒரு மழை நாளில் அவர் எனக்குத் தன் தொழிலின் சரித்திரத்தைச் சொன்னார். "பாட்டன் காலத்தில, கட்சிக்காரன் தமிழில சொன்னதைப் பிறக்கிராசி இங்கிலீசில எழுதுவார். அப்புக்காத்தர் இங்கிலீசில பேசுவார். நீதிபதி இங்கிலீசில தீர்ப்பு எழுதுவார். கடைசியில உங்களைப்போல ஒரு முதலியார் திரும்பி, உனக்கு ஆறு மாசம் எண்டு தமிழில சொல்லுவார். முழு வழக்கிலயும் அந்த மனிசனுக்கு விளங்கினது அந்த ஒரு வசனம்தான்."

"இப்பதான் எல்லாம் தமிழாச்சே" என்றேன்.

"உங்கட தமிழும் அவங்களுக்கு இங்கிலீசுதான், முதலியார்."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நான் வாசித்த தமிழில் ஒரு பிழை இருந்ததில்லை. அதைச் சொன்னேன். "பிழை இருந்தா நல்லா இருந்திருக்கும். ஆக்கள் என்ன எண்டு திருப்பிக் கேட்டிருப்பாங்க" என்றார்.

மற்றச் சட்டத்தரணிகள் கட்சிக்காரரிடம் முதலில் சொல்வது, வாயைத் திறக்காதே, எல்லாம் நான் பேசுகிறேன் என்பது. இவர் மாறி நடந்தார். கட்சிக்காரரைப் பேசப் பழக்கினார். அலுவலகத்தில் எதிரே இருத்தி, மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை நடத்துவார். வழக்குக் கேள்விகளுக்கு நடுவில் திடீரென்று, "சாப்பிட்டிட்டா வந்தீங்க?" என்பார். "ஓம் ஐயா" என்று வந்தால் கூட்டால் மேசையில் ஒரு தட்டு. "முழு வசனமாச் சொல்லுங்க. சாப்பிட்டிட்டுத்தான் வந்தன். சாப்பிடாமத்தான் வந்தன். ரெண்டில ஒண்டு." பெண்கள் சிரிப்பார்கள். வெற்றிலை வாயோடு வருகிற கிழவர்கள் ஓமை விழுங்கப் போய்ப் புரையேறி இருமுவார்கள்.

காத்தான்குடியிலிருந்து வருகிற சட்டத்தரணி ஒருவர் அவருக்கு நெருங்கிய கூட்டாளி. அவர் வாசலில் நின்று இந்த ஒத்திகையைப் பார்த்துவிட்டு, "மச்சான், கட்சிக்காரனெல்லாம் பேசப் பழகிட்டா நமக்கு என்ன வேல? நீயும் நானும் வட்டைக்குப் போய்ப் புல்லுப் புடுங்குவமா?" என்று கேட்டார்.

"நீ புடுங்கு. எனக்கு முதுகு நோகும்" என்றார் இவர்.

மாமாங்கேஸ்வரர் திருவிழாவுக்கு ஒருமுறை என்னோடு அமிர்தகழிக்கு வந்தார். கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். பழைய கட்சிக்காரி. "சுகமா இரிக்கிறீங்களா?" என்று இவர் கேட்டார். அவள் வாயை "ஓ" என்று குவித்து, பயந்து நிறுத்தி, "சுகமாத்தான் இரிக்கன் ஐயா" என்றாள். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் "ஓம், ஓம்" என்று மந்திரம் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன். "அதில பிரச்சினை இல்ல, முதலியார். சாமி பதிவெடுக்கிறதில்ல" என்றார்.

இப்படி அவரால் தப்பியவர்கள் உண்டு. என் கணக்கில் பதினேழு பேர். தோற்றவர்கள் அதைவிட அதிகம். ஆனால் தோற்றவர்களும் தாங்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத் தோற்றார்கள். அது பெரிய காரியம் என்று அவர் நம்பினார். நானும் ஒரு வயல்காரியின் வழக்கு வரும்வரைக்கும் நம்பினேன்.

அவள் உன்னிச்சைக்கு அப்பால் ஒரு வட்டையில் காணி வைத்திருந்தவள். அறுபதை நெருங்கிய விதவை. காணி, தாய்வழியில் அவள் பெயருக்கு மாறிய அரச அனுமதிப்பத்திரக் காணி. சண்டைக் காலத்தில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வயல் முழுக்க மரம். அவள் கூலியாளும் தானுமாக இரண்டு கோடைகள் வெட்டி வெளியாக்கினாள். விதைக்கப் போகும் நேரத்தில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் ஆட்கள் வந்து எல்லைக் கல் நட்டு, இது காடு என்றார்கள். அரச காட்டுக்குள் அத்துமீறி மரம் வெட்டியதாக அவள்மேல் வழக்கு.

"காடுதான் ஐயா வெட்டின" என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் தரிசாகக் கிடந்த வயலைத் துப்புரவாக்குவதையும் காடு வெட்டுவது என்றுதான் சொல்வார்கள். அதையும் பொலிஸில் எழுதிக்கொண்டார்கள்.

இவர் கலங்கவில்லை. அனுமதிப்பத்திரம் கையில் இருந்தது. தன் சொந்தக் காணியைத் துப்புரவாக்கினாள் என்பது ஒன்றே எதிர்வாதம். அது போதும் என்றார். அவளிடம் இருந்த ஒரே ஆபத்து ஓம். அப்படி ஒரு மரியாதைக்காரியை நான் கண்டதில்லை. வாசலில் பியோன் இருமினாலும் ஓம் என்பாள். ஒத்திகை மாதக்கணக்கில் நடந்தது. எப்போது விதைத்தீர்கள், எல்லையில் யார் காணி, வாய்க்கால் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கக் கேட்க, அவள் விரலால் மேசையில் வயலைக் கீறிக் காட்டி முழு வசனமாகச் சொன்னாள். கடைசி ஒத்திகையில் நானும் இருந்தேன். சாப்பாட்டைக் கேட்டார், பஸ்ஸைக் கேட்டார், மழையைக் கேட்டார். ஒரு ஓமும் விழவில்லை. "அக்கா, நீங்க என்னையே தோற்கடிச்சிட்டீங்க" என்றார். அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

சாட்சிக்கூண்டிலும் நன்றாகத்தான் சொன்னாள். எதிர்த்தரப்பு எத்தனையோ விதமாகச் சுற்றிவந்து கேட்டது. அவள் அசையவில்லை. நீதவான் இளம் வயது, நல்ல மனிதர். அவளுக்கு உதவி செய்யத்தான் நினைத்தார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் காணி உங்களுடையதுதானே?" என்றார்.

அந்த ஒரு இடத்துக்கு ஒரு ஓம் போதும்.

அவள் தன் சட்டத்தரணியை ஒருமுறை பார்த்தாள். பிறகு நீதவானைப் பார்த்து, தெளிவாக, முழு வசனமாகச் சொன்னாள். "என்ட இல்ல ஐயா. அது என்ட சின்ன மகளுக்கெண்டு விட்டது. நான் காவல்தான் இரிக்கன்."

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்வழி போகும். மகளுக்கென்று மனதால் விட்ட காணியை ஒரு தாய் தன்னுடையது என்று வாய்திறந்து சொல்லமாட்டாள். இவள் வீட்டை மூத்த மகளின் கலியாணத்துக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று சின்னவள் சண்டைபிடித்துக்கொண்டு குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டாள். அப்போது வயல் காடாகக் கிடந்தது. காட்டைக் காட்டிச் சீதனம் என்று எப்படிச் சொல்வது? வெட்டி, ஒரு போகம் விளைத்துக் காட்டிவிட்டுச் சொல்ல நினைத்திருந்தாள். இதெல்லாம் பிறகு எங்களுக்குத் தெரிந்தவை. ஒத்திகையில் அவர் ஆயிரம் கேள்வி கேட்டார். காணி யாருடையது என்று கேட்கவில்லை. பத்திரத்தில்தான் பெயர் இருந்ததே.

அவர் எழுந்தார். "அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது?" என்று கேட்டார்.

"என்ட பேரிலதான் ஐயா. பேர்தானே என்ட. காணி அவட."

எதிர்த்தரப்பு ஒரு நிமிடத்துக்குமேல் பேசவில்லை. எதிரியே தன்னுடையது இல்லை என்கிறார். அனுமதிப்பத்திரக் காணியை அரசாங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. கொடுத்ததாக அவரே சொல்வதால் பத்திரமும் செல்லாது என்றார்கள். நான் எல்லாவற்றையும் அவளுக்குக் கேட்கும்படி சொன்னேன். அவள் கைகூப்பி நின்றாள்.

அந்த வழக்குக்குப் பிறகு இவர் நாலு வருடம் கோட்டுக்கு வந்தார். ஒத்திகையை விட்டுவிட்டார். கட்சிக்காரர் எதிரே இருந்து ஓம், ஓம் என்று சொல்லச் சொல்ல, அவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். தட்டமாட்டார். தோற்ற அந்த வழக்குக்குப் போட்ட மேன்முறையீடு என்னவாயிற்று என்று ஒவ்வொரு தவணையிலும் கேட்டார். வழக்குக் கோவை வரவில்லை, வந்தது, பக்கம் குறைகிறது, நீதிபதி மாற்றலாகிவிட்டார். இப்படியே போனது. ஒரு பெரிய வியாழனன்று நெஞ்சு வலிக்கிறது என்றவர், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அந்த மேன்முறையீடு அதுவரை ஒருநாளும் விசாரணைக்கு எடுக்கப்படவில்லை. பிறகும் எடுக்கப்பட்டதாக நான் அறியேன். அவருடைய அறையை இப்போது போட்டோப் பிரதி எடுக்கும் கடைக்கு விட்டிருக்கிறார்கள். அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு அந்த அறையோ கறுப்புக் கோட்டோ நினைவில் வருவதில்லை. தீர்ப்புச் சொன்ன நாள் பின்னேரம்தான் வருகிறது.

கட்டளையை நான்தான் வாசித்தேன். மேற்படி காணியிலிருந்து எதிரி உடனடியாக வெளியேற வேண்டும், இனிமேல் உட்பிரவேசிக்கக் கூடாது என்பது சாரம். அவள் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். நான் வேலை முடிந்து வெளியே வந்தபோது அவரும் அவளும் பஸ் தரிப்பில் நின்றார்கள். நானும் போய் நின்றேன்.

அவள் அவரிடம், "நான் சரியாச் சொன்னனா ஐயா?" என்று கேட்டாள். "ஒரு இடத்திலயும் அந்தச் சொல்லை விடயில்ல."

"நீங்க சொன்னது முழுக்க உண்மை அக்கா" என்றார் அவர்.

"அப்ப மாரிக்கு விதைக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாவிப் பக்கம் பார்த்தேன். பிறகு அவரே விளக்கமாகச் சொன்னார். காணிக்குள் போகக் கூடாது என்றார். ஏன் என்றும் சொன்னார். ஆனால் அவள் சொன்ன பதிலைக் காரணமாகச் சொல்லவில்லை. மேல் கோட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், காலம் எடுக்கும் என்றார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. குவைத்திலிருந்து சின்ன மகள். இன்றைக்குத் தீர்ப்பு என்று தாய் சொல்லியிருந்தாள். அவள் போனை அவரிடம் நீட்டி, "நீங்களே சொல்லுங்க ஐயா, எனக்கு இது வடிவாச் சொல்ல வராது" என்றுவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்கத் தெருவோரம் போய் நின்றாள். சத்தத்தைக் கூட்டி வைத்த போன். மகள் பேசியது எனக்கும் கேட்டது.

அவர் தீர்ப்பைச் சொன்னார். மகள், "அது அக்காட பிள்ளையளுக்குக் குடுக்க வச்சிருந்த காணிதானே ஐயா. போனா அவக்குத்தான் கவலை" என்றாள்.

"அது உங்களுக்கெண்டு விட்ட காணி, பிள்ள. கோட்டில அம்மா அப்பிடித்தான் சொன்னவ."

"எனக்கெண்டா சொன்னவ?"

"சின்ன மகளுக்கெண்டு சொன்னவ. நான் பக்கத்தில நிண்டு கேட்டன்."

எங்கேயோ ஒரு குழந்தை வேறு மொழியில் அழுவது கேட்டது. பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள். "என்னட்ட ஒருநாளும் சொல்லல்லையே ஐயா. எனக்கு அங்க ஒண்டும் இல்லையெண்டுதானே நான் வந்த. இந்த மாசம் முடிய ஊருக்கு வாறதெண்டு இரிந்தன். மேடம் இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்லுறா. நிக்கிறன் எண்டு சொல்லிர்ரன். வந்து எங்க இரிக்கிற? அம்மாட்டச் சொல்லிருங்க." தொடர்பு அறுந்தது.

உன்னிச்சை பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. தாய் வேகமாக வந்து போனை வாங்கி மடியில் செருகினாள். "என்னவாம் ஐயா? எப்ப வாறாளாம்?"

"இன்னும் ரெண்டு வருசம் நிண்டிட்டுத்தான் வருவாவாம், அக்கா."

அவள் யோசித்தாள். முகம் தெளிந்தது. "அதுவும் நல்லதுதான். இப்ப வந்தா ஒண்டும் இல்ல. ரெண்டு வருசத்துக்குள்ள மேல் கோட்டில காணியும் கிடைச்சிரும். விதைச்சு வச்சிட்டே அவளைக் கூப்பிடலாம்" என்றாள். மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். "என்ன ஐயா, கிடைச்சிரும்தானே?"

கண்டக்டர் மணியை அடித்துவிட்டார். பஸ் நகர்ந்தது. அவர் நாலைந்து அடி பஸ்ஸோடு நடந்தார்.

"கம்பியை நல்லாப் பிடிச்சுக்கொள்ளுங்க, அக்கா" என்றார்.